ஷுல்ஸோடு பீனட்ஸும் முடிந்தது சரிதானா?

#1 நிப்புக்கட்டை

அக்கா மகன் போன வாரம் ஸ்னூப்பி படம் போட்ட டீஷர்ட்டோடு வீட்டுக்கு வந்தான். பத்து வயது. "மாமா, இதை இப்ப யாரு வரையறாங்க?" என்று கேட்டான். யாரும் வரைவதில்லை, வரைந்தவர் நீ பிறப்பதற்கு ரொம்ப முன்னாடியே போய்விட்டார், பேப்பரில் இப்போது வருவதெல்லாம் பழசுதான் என்றேன். "ஏன், வேற யாராச்சும் வரையலாமே?" என்றான். ஒழுங்கான பதில் என்னிடம் இல்லை. அதனால் இங்கே கொண்டுவருகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். சார்லஸ் ஷுல்ஸின் 'பீனட்ஸ்', சார்லி பிரவுன் என்ற பையனும் அவன் நாய் ஸ்னூப்பியும் வரும் பத்திரிகைப் படக்கதை (ஸ்ட்ரிப்), 1950 அக்டோபர் 2-ம் தேதி ஏழு அமெரிக்கப் பத்திரிகைகளில் ஆரம்பமானது. கடைசி ஸ்ட்ரிப் 2000 பிப்ரவரி 13, ஞாயிற்றுக்கிழமை அச்சில் வந்தது. அதற்கு முந்தின இரவுதான் அவர் கலிபோர்னியாவில், சான்டா ரோசா வீட்டில் இறந்தார். வயது 77. நடுவில் மொத்தம் 17,897 ஸ்ட்ரிப். எல்லாவற்றையும் அவரே யோசித்து, அவரே மை போட்டு, பலூனுக்குள் இருக்கும் எழுத்தைக்கூட அவரே எழுதினார். படத்துக்கு உதவியாளர் கிடையாது. 75 வயது ஆனபோது, 1997-ல், ஐந்து வாரம் ஓய்வெடுத்தார். உருப்படியான விடுப்பு என்றால் அது ஒன்றுதான்.

முடியும் நேரத்தில் 75 நாடுகளில் 2,600 பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது. தனக்குப் பிறகு யாரும் புதிதாக வரையக் கூடாது என்று அவர் விரும்பினார், குடும்பமும் அதையே சொன்னது, ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதி வைத்தார்கள்.

இத்தனை வாசகர்கள் இருக்கும்போது கடையைச் சாத்தியது நியாயமா, பிடிவாதமா?

#2 காலைக்காபி

பிடிவாதம்தான், சந்தேகமே இல்லை. தினத்தந்தியில் கன்னித்தீவு 1960-ல் ஆரம்பித்தது. ஓவியர்கள் மாறினார்கள், சிந்துபாத் நடந்துகொண்டேதான் இருந்தான். எங்கள் தெரு டீக்கடையில் பேப்பர் வந்ததும் அந்தப் பக்கத்தை முதலில் பிடுங்குகிறவர்கள் யாரும் இன்றைக்கு யார் வரைந்தது என்று கேட்டதில்லை. முகமூடி வீரன் ஃபாண்டத்தை உருவாக்கிய லீ ஃபாக் 1999-ல் போனார், ஃபாண்டம் போகவில்லையே. பாத்திரம்தான் சொத்து. பேனா யார் கையில் இருந்தால் என்ன?

#3 பழையபேப்பர்

> பேனா யார் கையில் இருந்தால் என்ன?

காபி அண்ணே, சிந்துபாத் சாகசக்காரன். அடுத்த தீவும் அடுத்த அரக்கனும் கிடைத்தால் கதை நகர்ந்துவிடும். சார்லி பிரவுனுக்கு என்ன நடக்கிறது? பட்டம் விட்டால் மரத்தில் சிக்கும். பேஸ்பால் ஆடினால் தோற்கும். காதலர் தினத்துக்கு வாழ்த்து அட்டை வராது. இதில் அடுத்தவர் கையில் எடுத்துக் கொடுக்க என்ன கதை இருக்கிறது? அந்த மனுஷனின் சுபாவம்தான் கதை.

கொஞ்சம் அவர் வாழ்க்கையைச் சொல்கிறேன், நீங்களே பொருத்திப் பாருங்கள்.

1922 நவம்பர் 26, மினியாபொலிஸில் பிறந்தார். வளர்ந்தது பக்கத்து ஊரான செயின்ட் பாலில். அப்பா கார்ல் ஜெர்மனியில் பிறந்தவர், முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். ஸ்ட்ரிப்பில் சார்லி பிரவுனின் அப்பாவுக்கும் அதே தொழில்தான். பிள்ளை பிறந்து ஓரிரு நாளிலேயே ஓர் உறவினர் 'ஸ்பார்க்கி' என்று கூப்பிட்டுவிட்டார். அந்தக் காலத்து ஸ்ட்ரிப் ஒன்றில் வந்த 'ஸ்பார்க் பிளக்' என்ற குதிரையின் பெயரிலிருந்து வந்தது அது. சாகும்வரை நெருங்கியவர்களுக்கு அவர் ஸ்பார்க்கிதான். தொட்டிலிலேயே காமிக்ஸ் பெயர்!

வீட்டில் ஸ்பைக் என்று ஒரு கறுப்பு வெள்ளை நாய். ஊசி, ஆணி, சவர பிளேடு எது கிடைத்தாலும் தின்றுவிடுமாம். அதை வரைந்து ரிப்ளியின் 'நம்பினால் நம்புங்கள்' பகுதிக்கு அனுப்பினார். 1937-ல் வெளியானது, அச்சில் வந்த அவருடைய முதல் படம். ஆனால் பள்ளி ஆண்டு மலருக்குக் கொடுத்த படங்களை மட்டும் போடவில்லை. அதை அவர் கடைசிவரை மறக்கவில்லை. (நானும் மறந்திருக்க மாட்டேன்.)

ஓவியம் படித்தது தபால் வழியில். கட்டணம் 170 டாலர், அப்பா தவணையில் கட்டினார். குழந்தைகளை வரையும் பாடத்தில் அவருக்குக் கிடைத்த மதிப்பெண் சி பிளஸ். பிற்பாடு குழந்தைகளை மட்டுமே வரைந்து உலகத்தைப் பிடித்த ஆளுக்கு!

1943-ல் அம்மா புற்றுநோயில் இறந்தபோது இவருக்கு வயது 20. ஏற்கனவே ராணுவத்தில் சேர்த்துவிட்டார்கள். அடக்கம் முடிந்த கையோடு ரயிலேறி கென்டக்கி முகாமுக்குப் போனார். அப்புறம் ஐரோப்பா, இயந்திரத் துப்பாக்கிக் குழுவின் தலைவர் வேலை. திரும்பி வந்ததும் படித்த அதே தபால் பள்ளியில் மாணவர்களின் படங்களைத் திருத்தும் ஆசிரியர் ஆனார். உடன் வேலை பார்த்தவர்களில் ஒருவர் பெயர் சார்லி பிரவுன். இன்னொருவர் லைனஸ் மாரர். கணக்குப் பிரிவில் சிவப்பு முடியோடு டோனா என்ற பெண். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார், அவள் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தாள். அவள் கல்யாணம் நடந்தது 1950 அக்டோபரில். பீனட்ஸ் ஆரம்பித்த அதே மாதம்.

முதல் ஸ்ட்ரிப்பைப் பார்த்திருக்கிறீர்களா? நாலு கட்டம். இரண்டு பிள்ளைகள் தெருவோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். சார்லி பிரவுன் சிரித்துக்கொண்டே கடந்து போகிறான். பையன் அவனை நல்லவன், நல்லவன் என்று வாய் நிறையப் புகழ்கிறான். அவன் தலை மறைந்ததும் கடைசிக் கட்டத்தில், எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது என்கிறான். குழந்தைகள் பக்கத்தில் இதைப் போட எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

#4 கட்டம்நாலு

பழையபேப்பர் தொழில் பக்கத்தை விட்டுவிட்டார், நான் சொல்கிறேன்.

பீனட்ஸுக்கு முன்னால், 1947-லிருந்து, செயின்ட் பால் பத்திரிகை ஒன்றில் 'லில் ஃபோக்ஸ்' என்று வாரம் ஒருமுறை வரைந்தார். வந்த இடம் பெண்கள் பகுதி. நல்ல பக்கத்துக்கு மாற்றுங்கள், கொஞ்சம் கூடப் பணம் கொடுங்கள் என்று கேட்டார். முடியாது என்றதும் நின்றுகொண்டார். 1950 கோடையில் படங்களை எடுத்துக்கொண்டு ரயிலில் நியூயார்க் போய் யுனைடெட் ஃபீச்சர் சிண்டிகேட்டில் காட்டினார். சிண்டிகேட் என்பது ஓர் ஓவியரின் ஸ்ட்ரிப்பை நூற்றுக்கணக்கான பத்திரிகைகளுக்கு விற்று, வரும் பணத்தை அவரோடு பங்குபோடும் நிறுவனம். அமெரிக்காவில் ஒரே ஸ்ட்ரிப் ஊர் ஊராக வருவதன் சூட்சுமம் இதுதான். நம்மூரில் அந்த ஏற்பாடு வேரூன்றவில்லை, கன்னித்தீவு தினத்தந்தியில் மட்டும்தான்.

லில் ஃபோக்ஸ் என்ற பெயர் வேறு ஸ்ட்ரிப்புகளின் பெயரோடு மோதுகிறது என்று சொல்லி, 'பீனட்ஸ்' என்று சிண்டிகேட்டே ஞானஸ்நானம் செய்துவிட்டது. அவருக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. கண்ணியம் இல்லாத பெயர் என்று ஐம்பது வருடமும் புலம்பினார். வேர்க்கடலைக்கும் சார்லி பிரவுனுக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்கள்? பெயரும் அவர்களுடையது, காப்புரிமையும் அவர்களுடையது. முதல் மாதம் கைக்கு வந்தது 90 டாலர்.

இன்னொன்று, அந்த நாலு கட்டம். நாலும் ஒரே அளவு. ஏன் தெரியுமா? பத்திரிகைக்காரர் படுக்கை வசமாகவும் போடலாம், ஒன்றின் கீழ் ஒன்றாக நிறுத்தியும் போடலாம், இரண்டுக்கு இரண்டாகச் சதுரமாகவும் போடலாம். இடத்தை மிச்சப்படுத்தும் சரக்கு என்றுதான் சிண்டிகேட் இதை விற்றது. மற்ற ஸ்ட்ரிப்புகளைவிடச் சின்ன இடம், பின்னணியில் விவரம் அடைக்க முடியாது. அதனால் வெறும் தரை, ஒரு புல் கோடு, பெரிய தலை. நாம் ஷுல்ஸ் பாணி என்று கொண்டாடுகிறோமே, அதில் பாதி இந்த இட நெருக்கடி கொடுத்தது.

#5 ரப்பர்ஸ்டாம்ப்

எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுகிறீர்கள், நான் ஒருத்தன் மாற்றிச் சொல்கிறேன். அறுபதுகளில் இருந்த கூர்மை பிறகு இல்லை. ஸ்னூப்பி தன் கூண்டின் கூரைமேல் ஏறி விமானம் ஓட்டுவதாகக் கற்பனை செய்ய ஆரம்பித்தது 1965. அதுவரை பிள்ளைகளின் ஸ்ட்ரிப், அதன் பிறகு நாயின் ஸ்ட்ரிப். தொண்ணூறுகளில் வந்தவை பலவற்றில் எங்கே சிரிக்க வேண்டும் என்றே எனக்குப் புரியவில்லை. அவர் 1975-லேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

#6 பழையபேப்பர்

ஸ்டாம்ப் சொல்வதில் பாதி உண்மை. எண்பதுகளில் தொய்வு உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் கடைசி மூன்று நாலு வருடத்தை மறுபடி படியுங்கள், சார்லி பிரவுனின் நண்பன் லைனஸின் குட்டித் தம்பி ரீரன் வரும் ஸ்ட்ரிப்புகள் தனி ருசி.

கால்பந்து சங்கதியையே எடுத்துக்கொள்ளுங்கள். லைனஸின் அக்கா லூசி பந்தைப் பிடித்துக்கொள்வாள், சார்லி பிரவுன் உதைக்க ஓடிவருவான், கடைசி நொடியில் இழுத்துவிடுவாள், இவன் மல்லாக்க விழுவான். லூசி 1952-ல் இதை ஆரம்பித்தாள். முதலில் இழுத்தது லூசி இல்லை, 1951-ல் வயலெட் என்ற இன்னொரு சிறுமி. அவள் வேண்டுமென்று செய்யவில்லை, உதை படுமோ என்று பயந்து கையை எடுத்தாள். பிறகு ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு தரம். விழப்போகிறான் என்று நமக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். இந்த வருடம் எந்தச் சாக்கைச் சொல்லி நம்ப வைப்பாள் என்பது மட்டும்தான் புதுசு.

1999 அக்டோபரில் கடைசித் தடவை. லூசியை அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள். பந்தை ரீரனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகிறாள். அவன் திரும்பி வந்ததும், உதைத்தானா, நீ இழுத்தாயா என்று துளைக்கிறாள். உனக்கு அது தெரியவே போவதில்லை என்கிறான் ரீரன். நமக்கும்தான் தெரியவில்லை. ஐம்பது வருட நகைச்சுவையை இப்படி மூடிவைக்க முடிந்த ஆளைப் பார்த்துச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

#7 சுவரெழுத்து

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. 22 வருடம் சைன்போர்டு எழுதியவன், பிளெக்ஸ் வந்ததும் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டேன். கையைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் வந்தேன்.

ஷுல்ஸுக்கு 1981-ல் இதய அறுவை சிகிச்சை. அதன் பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. தொண்ணூறுகளின் ஸ்ட்ரிப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். சார்லி பிரவுனின் தலை வட்டம், நாய்க் கூண்டின் விளிம்பு, தரைக்கோடு எல்லாம் சின்னச் சின்னதாய் நெளிந்திருக்கும். ஐம்பதுகளில் அதே கோடு கத்தியால் கீறினாற்போல் இருக்கும்.

நடுங்கும் கையோடு வேலை பார்த்தவனுக்கு இது புரியும். மெதுவாக இழுத்தால் நடுக்கம் அப்படியே கோட்டில் இறங்கும். வேகமாக இழுத்தால் நடுக்கம் தெரியாது, ஆனால் கோடு போக வேண்டிய இடத்துக்குப் போகாது. சுவர் என்றால் கைக்குக் கீழே ஒரு குச்சியை முட்டுக் கொடுத்துச் சமாளிக்கலாம். அவரோ ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு வரைந்தார். அதுவும் தொட்டு எழுதும் நிப்பு, அழுத்தினால் விரியும் இரும்பு. எஸ்டர்புரூக் கம்பெனியின் 914-ம் எண் நிப்புதான் வேண்டும் அவருக்கு. கம்பெனி மூடப்போகிறது என்றதும் மிச்சமிருந்த நிப்பு அத்தனையையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

பென்சிலில் முழுசாகப் போட்டுவிட்டு மேலே மை ஓட்டுகிற ஆளும் இல்லை. பென்சில் லேசாக ஒரு கோடிட்டுக் காட்டும், அவ்வளவுதான். படம் பிறப்பது நிப்பில். பென்சில் வேலையும் மை வேலையும் தனித்தனியாக இருந்தால் இரண்டாவதை வேறு ஒருவனிடம் தரலாம். இங்கே இரண்டும் ஒன்று. யாரிடம் கொடுப்பார்?

அந்த நெளிந்த கோட்டை இன்னொருவன் வரைந்தால் என்ன செய்வான்? நடுக்கத்தை நடிப்பானா, இல்லை 1955 மாதிரி நேராக இழுப்பானா? இரண்டும் பொய்தான்.

#8 காலைக்காபி

சுவரெழுத்து ஐயா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஸ்ட்ரிப்பை இவ்வளவு புனிதமாக வைத்துக்கொண்டவர், பொம்மை, டீஷர்ட், கார் விளம்பரம், இன்ஷூரன்ஸ் விளம்பரம் எல்லாவற்றுக்கும் எப்படிச் சரி என்றார்? 1985-லிருந்து 2016 வரை மெட்லைஃப் கம்பெனிக்கு ஸ்னூப்பிதான் முகமாக இருந்தது. கால்வின் அண்ட் ஹாப்ஸ் வரைந்த பில் வாட்டர்சனைப் பாருங்கள். பத்து வருடம் வரைந்தார், ஒரு பொம்மைக்கும் அனுமதி தரவில்லை, சிண்டிகேட்டோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார், 1995 டிசம்பர் 31-ம் தேதி எழுந்து போய்விட்டார். அதுதான் கொள்கை.

#9 கட்டம்நாலு

வாட்டர்சன் எனக்கும் பிடிக்கும். ஆனால் அவருக்கே ஷுல்ஸ்தான் முன்மாதிரி. ஷுல்ஸின் கணக்கு வேறு. ஸ்ட்ரிப் என்பதே பத்திரிகை விற்பதற்காக வந்த சரக்கு, அது ஏற்கனவே வியாபாரம்தான் என்பது அவர் வாதம். பொம்மையை வேறு யாராவது செய்யட்டும், காலை ஸ்ட்ரிப்பில் மட்டும் இன்னொரு கை படக்கூடாது. எனக்கு இதில் முரண் தெரியவில்லை. மிட்டாய்க் கடைக்காரர் பெட்டியை வெளியே அச்சடிக்கக் கொடுப்பார், பாகு மட்டும் அவரே காய்ச்சுவார்.

ஆனாலும் சில விளம்பரங்களைப் பார்த்தால் எனக்கே கூசும். அதை ஒத்துக்கொள்கிறேன்.

#10 சாக்பீஸ்

நான் பள்ளி ஆசிரியை, அதனால் ஃப்ராங்ளின் கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். சில நாளில் லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த ஹாரியட் கிளிக்மன் என்ற ஆசிரியை ஷுல்ஸுக்குக் கடிதம் எழுதினார், உங்கள் பிள்ளைகளோடு ஒரு கறுப்பினப் பிள்ளையும் சேரக்கூடாதா என்று. செய்ய ஆசைதான், ஆனால் மேலே நின்று தயவு காட்டுவதுபோல் ஆகிவிடுமோ என்று பயப்படுகிறேன் என்று பதில் எழுதினார். அந்த அம்மா விடவில்லை. கறுப்பின நண்பர்களையும் எழுத வைத்தார். ஜூலை 31-ம் தேதி கடற்கரையில் சார்லி பிரவுனின் பந்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டு ஃப்ராங்ளின் வந்துவிட்டான். அறிவிப்பு, முரசு எதுவும் இல்லை. பிறகு வெள்ளைப் பிள்ளைகளோடு அவனை ஒரே வகுப்பில் உட்கார வைத்தபோது தென்மாநிலப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் ஆட்சேபித்தார். ஷுல்ஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் குறையும் உண்டு. ஃப்ராங்ளினுக்கென்று ஒரு கிறுக்குத்தனம் கிடையாது. லைனஸுக்குப் போர்வை, ஷ்ரோடருக்குப் பியானோ, இவனுக்கு மட்டும் நல்ல பிள்ளை வேடம். 1973 தொலைக்காட்சிப் படத்தில் விருந்து மேசையின் ஒரு பக்கத்தில் அவனைத் தனியாக உட்கார வைத்ததை இன்றும் பேசுகிறார்கள். பயத்தில் அவனை ஜாக்கிரதையாகக் கையாண்டார் போலிருக்கிறது. என் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளையிடம் மற்றவர்கள் முதல் வாரம் இப்படித்தான் நடப்பார்கள். ஃப்ராங்ளினுக்கு அந்த முதல் வாரம் முடியவே இல்லை.

#11 ஸ்கார்பரோத் தம்பி

கனடாவில் இருந்து எழுதுகிறேன். பிள்ளைகளோடு சான்டா ரோசாவில் ஷுல்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறேன், 2002-ல் திறந்தது. ஒரு சுவர் முழுக்க 3,588 ஓடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்ட்ரிப். தள்ளி நின்று பார்த்தால் லூசி பந்தைப் பிடித்திருக்க சார்லி பிரவுன் ஓடிவருகிற பெரிய படம் தெரியும். வடிவான வேலை. ஆனால் நான் கனநேரம் நின்றது அவருடைய மேசைக்கு முன்னால். மேற்பரப்பெல்லாம் தேய்ந்த சாதாரண வரைபலகை. என்ரை சின்னவன் 'அப்பா, இவ்வளவுதானா?' என்று கேட்டான்.

பக்கத்திலேயே அவர் கட்டின ஐஸ் அரங்கம், 1969-ல் திறந்தது. காலையில் அங்குள்ள கஃபேயில் மஃபினும் திராட்சை ஜாமும் சாப்பிட்டுவிட்டு வரையப் போவாராம், அநேகமாக ஒவ்வொரு நாளும். வயசானவர்களுக்கென்று ஐஸ் ஹாக்கிப் போட்டியும் நடத்தினார், தானும் விளையாடினார். 2017 காட்டுத்தீயில் அவர் வாழ்ந்த வீடு எரிந்துபோனது, மனைவி ஜீன் தப்பிவிட்டார். அருங்காட்சியகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

கன்னித்தீவு அண்ணைக்கு ஒன்று. புது ஸ்ட்ரிப் இல்லாமலே அந்தப் பழையவற்றைப் பார்க்க அவ்வளவு சனம் வந்து நிற்கிறது. இன்னொருவர் தொடர்ந்திருந்தால் பழையதை யார் தேடி வருவார்கள்?

#12 ரப்பர்ஸ்டாம்ப்

ஸ்ட்ரிப்பில் சார்லி பிரவுன் தூரத்திலிருந்தே ஏங்குவானே, அந்தச் சிவப்பு முடிப் பெண்ணைக் கடைசி வருடம் முகத்தோடு வரைந்துவிட்டார் என்று எங்கேயோ படித்தேன். அப்படியே விட்டிருக்கலாம்.

#13 பழையபேப்பர்

இல்லை ஸ்டாம்ப், ஸ்ட்ரிப்பில் அவள் முகம் ஒருபோதும் வரவில்லை. 1998-ல் ஒரு தடவை ஸ்னூப்பியோடு நடனமாடும் நிழலுருவமாக மட்டும். முகத்தோடு காட்டியது 1977-ல் வந்த தொலைக்காட்சிப் படம், அதை நினைத்து எழுதியிருப்பீர்கள். ஸ்ட்ரிப்பில் அவள் எப்போதும் கட்டத்துக்கு வெளியே, பள்ளி மைதானத்தின் அந்தப் பக்கம்.

#14 நிப்புக்கட்டை

எல்லாருக்கும் நன்றி. நேற்று அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரெழுத்து ஐயா சொன்னபடி 1955-ல் வந்த ஒன்றையும் 1998-ல் வந்த ஒன்றையும் போனில் பெரிதாக்கிக் காட்டினேன். பையன் ரொம்ப நேரம் பார்த்தான். "ரெண்டாவது தாத்தா கையெழுத்து மாதிரி இருக்கு" என்றான். எங்கள் அப்பாவுக்கும் கை நடுங்கும், பென்ஷன் படிவத்தில் கையெழுத்துப் போட மூன்று நிமிடம் ஆகும்.

அப்புறம் தானும் மைதொட்டு வரைய வேண்டும் என்று பிடிவாதம். பால்பாயின்ட் பேனாவில் சார்லி பிரவுன் தலையை ஏழு தடவை போட்டான், ஏழும் உருளைக்கிழங்கு. தொட்டு எழுதும் நிப்பு இப்போது எங்கே கிடைக்கும் ஐயா?

#15 சுவரெழுத்து

பாரிமுனைப் பக்கம் பழைய ஸ்டேஷனரிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், கட்டையோடு சேர்த்துத் தருவார்கள். புது நிப்பில் எண்ணெய்ப் பசை இருக்கும், துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு முக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மை ஒட்டாது. நிப்பில் பாதிக்கு மேல் முக்க வேண்டாம், சொட்டும். தலையை ஒரே இழுப்பில் போட வேண்டியதில்லை. காதில் ஆரம்பித்துத் தாடை வரைக்கும் ஒன்று, தாளைத் திருப்பிவிட்டு இன்னொன்று. தாளைத் திருப்பலாம், தப்பில்லை.